எல்லாருக்கும் தெரிந்தது

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். இதைச் சொன்ன மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. டெல்லியில் நாங்கள் இருந்த குடிசைப்பகுதியான கேம்ப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லாருக்கும் அவர் துளி அண்ணன். காலையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்போம். அப்போது யாருடைய போனிலாவது அவருடைய குரல் ஆரம்பிக்கும். "வணக்கம். இன்றைக்கு ஒரு துளி." அது முடிவதற்குள் பக்கத்து ஆளின் போனில் அதே வணக்கம். பிறகு அதற்கடுத்த போனில். ஒரே மனிதர் பல வாயால் பேசுகிற மாதிரி இருக்கும். எழுத்தில் போடமாட்டார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று குரலாகத்தான் அனுப்புவார். நெருப்புக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரியது. ஜன்னல் என்பது போர்ச்சுகல்காரன் கொண்டுவந்த வார்த்தை. இப்படி ஒரு நாளைக்கு ஒன்று.

கேம்ப் நாலா ஓரத்தில் இருந்தது. நாலா என்றால் சாக்கடை ஓடும் பெரிய கால்வாய். மழை வந்தால் அது வீட்டுக்குள் வரும், வெயில் வந்தால் அதன் நாற்றம் வரும். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அங்கே வீடு கட்டிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்திருந்தன. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன், நாசிக்கில் வெங்காயம் பொறுக்கினேன், லூதியானாவில் பனியன் கம்பெனியில் இருந்தேன். ஓர் இடத்தில் நிற்கிற கால் எனக்கு இல்லை. டெல்லிக்கு வந்தபோது செல்வி அக்கா தன் வீட்டுப் பரணில் படுக்க இடம் கொடுத்தாள். அவளுடைய வீட்டுக்காரர் இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. மகளைக் கள்ளக்குறிச்சியில் கட்டிக்கொடுத்திருந்தாள். கோட்டிகளில், அதாவது பெரிய வீடுகளில், சமையலும் பிள்ளை பார்ப்பதும் அவள் வேலை.

துளி அண்ணனுக்குச் சாணக்யபுரியில் வேலை. ஒரு மாநில அரசின் விருந்தினர் மாளிகையில் அறை அறையாக டீ கொண்டுபோவார். வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, அதில் கஞ்சி போட்ட மடிப்பு. விருந்தாளிகள் படித்துப் போட்ட பேப்பர், வார இதழ், மேசையில் விட்டுப்போன புத்தகம் எல்லாம் அவர் கையில் வந்துவிடும். துளிகள் அங்கிருந்துதான் வந்தன.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆட்காட்டி விரலைத் தூக்கிப் பாதி விஷயத்தைச் சொல்லுவார். பிறகு நிறுத்திவிட்டு, "தெரியுமா?" என்று கேட்பார். நாம் "தெரியாதுண்ணே" என்று சொல்ல வேண்டும். சொன்னால், யாரோ அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்ட மாதிரி முகம் மலரும். தெரியும் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். ஒருமுறை டீக்கடையில் காக்கி என்பது என்ன பாஷை, தெரியுமா என்றார். காக் என்றால் தூசி, லூதியானாவில் ஒரு சர்தார் சொல்லியிருக்கிறார் என்றேன். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு சில நாள் என்னைக் கண்டால் எதிர்ச் சந்தில் திரும்பினார். அப்புறம் அவராகவே வந்து, வேறொன்றைச் சொன்னார். நான் தெரியாது என்றேன். சமாதானம் ஆனோம்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எதுக்குத் தம்பி சொல்லணும்? வாய்தான் வலிக்கும்," என்பார். இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்போது சிரிப்பாக இருந்தது.

அவரை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் கிடந்தேன். லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆரஞ்சு வாங்கிவரவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. திமிங்கலத்தில் ஆரம்பித்து ரோமாபுரி வரைக்கும் போனார். நான் ஒவ்வொன்றுக்கும் தெரியாது, தெரியாது என்று முனகிக்கொண்டே இருந்தேன். டாக்டர் கூப்பிடுகிறவரைக்கும் வலியை மறந்திருந்தேன். மறந்திருந்தது பொய்யில்லை.

அவருக்காக நான் கோபப்பட்டதும் உண்டு. விருந்தினர் மாளிகையில் ஒரு பெரிய மனிதருக்கு டீ வைக்கும்போது இவர் விரலைத் தூக்கி நெருப்புக்கோழி கண்ணைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் போனில் பேசிக்கொண்டிருந்தவரிடம், "கொஞ்சம் இருங்க, இங்க ஒரு புரொபசர் டீ கொண்டாந்திருக்காரு," என்றாராம். அறையே சிரித்ததாம். இதை எங்களிடம் அவர் பெருமையாகச் சொன்னார். புரொபசர் என்று கூப்பிட்டாராம். எனக்குக் காது சூடாகிவிட்டது. செல்வி அக்கா மட்டும், "அச்சா, அப்பிடியா சொன்னாரு," என்று சொல்லி அவருக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

அக்காவிடம்தான் அவருடைய துளிகள் சரியாகப் போய் விழாது. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுகல்காரன் வார்த்தை என்று அவர் ஒருநாள் அடுக்கினார்.

"கதவு?" என்று கேட்டாள் அக்கா.

"கதவு நம்மளது."

"அது போதும். மத்தத அவனே வச்சிக்கட்டும்."

இன்னொரு நாள் அந்தக் காலத்து சுல்தான் ஒருவர் டெல்லியிலிருந்த தலைநகரத்தைத் தெற்கே கொண்டுபோன கதை. ஜனங்களையும் கிளம்பச் சொன்னார், பிறகு திரும்பி வரச் சொன்னார் என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வாடகைக்கு இருந்தவர்கள் என்ன செய்தார்கள், திரும்பி வந்தபோது பழைய வீடு அவர்களுக்கே கிடைத்ததா என்று அக்கா கேட்டாள். அது புத்தகத்தில் இல்லை என்றார் அவர். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

துளிக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. துளியைத் தவிர வேறு எதுவும் போடக்கூடாது. காரணம் இருந்தது. அதற்கு முன் கேம்ப்புக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, கட்சி வீடியோ, சீட்டுச் சண்டை, சாதிச் சண்டை எல்லாம் வந்து கடைசியில் கோயில் முன்னால் அடிதடியாகி அது கலைந்தது. இவருடைய குழு மட்டும் நின்றது. யாராவது பூ போட்டால் அடுத்த நிமிடமே அழித்துவிடுவார். அட்மின் அழித்துவிட்டார் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் கிடக்கும். அதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த வரியின் அர்த்தம் தெரியும். சுத்தமான குழு என்று எல்லாரும் மெச்சினார்கள். கேம்ப்பில் எல்லா வீடும் இருந்த ஒரே இடம் அதுதான்.

கேம்ப்பை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வெகுகாலமாக இருந்தது. தகுதி உள்ளவர்களுக்கு நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஃபிளாட் கொடுப்பார்கள் என்றும் பேச்சு. அக்காவிடம் எல்லாக் காகிதமும் இருந்தது. அரிசி டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாள்.

ஒருநாள் மதியம் அதிகாரிகளின் ஆள் இரண்டு பேர் வந்து, மூலைக்கடை மாரியப்பனிடம், நாளைக் காலையில் பராத் கரில் காகிதச் சரிபார்ப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பராத் கர் என்பது கல்யாணம் நடக்கிற பொதுக்கூடம். அசல் காகிதத்தோடு ஆள் நேரில் வரவேண்டும், வராதவர்கள் பெயர் விட்டுப்போகும் என்றார்கள். ஒட்டின நோட்டீஸ் இல்லை. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டைப் பற்றிய செய்தியைப் பீடி வாங்க வந்த மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் எனக்கு நிறைய சொல்ல இருக்கிறது. ஆனால் அவர்கள் யாரும் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதனால் அந்தக் கோபம் வேறு.

மாரியப்பன் சாயங்காலம் அதைக் குரலில் பேசித் துளிக் குழுவில் போட்டார். எல்லாரும் இருக்கிற இடம் என்பதால்தான் போட்டார். துளி அண்ணன் கேட்டார். அழித்தார்.

அன்றைக்கு அக்கா கேம்ப்பில் இல்லை. மோதி பாக்கில் ஒரு அரசு அதிகாரியின் வீட்டில் குழந்தை பிறந்திருந்ததால் அங்கேயே தங்கி வேலை பார்த்தாள். நான் லாரியில் கிளீனராக ஜெய்ப்பூர் போயிருந்தேன், என் போன் செத்துக் கிடந்தது. கேம்ப்பில் வாய்வழியாகச் செய்தி பரவியது. பூட்டின வீட்டைப் பார்த்தவர்கள் குழுவில்தான் போட்டாயிற்றே, கேட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதனால் யாரும் அவளுக்குப் போன் போடவில்லை.

அக்கா குழுவைப் பார்த்திருக்கிறாள். பிறகு என்னிடம் சொன்னாள். "சாம்பல் கோடு இருந்துச்சுடா. யாரோ பூ போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

மறுநாள் காலையில் துளி அண்ணன் காகிதப் பையோடு பராத் கர் வரிசையில் முதல் ஆட்களில் ஒருவராக நின்றார். அங்கே நின்றபடியே அன்றைய துளியைப் பேசி அனுப்பினார். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். மோதி பாக்கில் அக்கா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே அதைக் கேட்டாள். குழந்தை வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மேடத்திடம் இந்தியில் மொழிபெயர்த்துச் சொன்னாளாம். இருவரும் சிரித்தார்களாம்.

நான் திரும்பி வந்தபோது அக்கா அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அரிசி டப்பா திறந்து கிடந்தது. மாரியப்பனிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நேராகத் துளி அண்ணன் வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தார். நீங்களா அழித்தீர்கள் என்று கேட்டேன். ஆமாம், விதி இருக்கிறதே என்றார். அக்காவுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றேன்.

"அது எப்பிடித் தம்பி தெரியாமப் போவும்? ஊரே பேசிச்சே. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அது துளி இல்ல."

அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். கள்ளம் இருந்தால் அடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். இல்லை. சட்டையிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி அவர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

விட்டுப்போனவர்களுக்கு ஒரு விசாரணை வைத்தார்கள். காரணம் நியாயமாக இருந்தால் பெயரைச் சேர்க்கலாம் என்று சொன்னார்கள். செய்தியை அழித்தது நான்தான், இந்த அம்மாவுக்குத் தெரிய வழியில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வருகிறேன் என்று உடனே ஒப்புக்கொண்டார். நானும் ஒரு சாட்சி வைத்திருந்தேன். அந்த ஆக்டோபஸ் துளியைத் திரும்பக் கேட்டபோது அவருடைய குரலுக்குப் பின்னால் வேறொரு குரல் கேட்டது. பராத் கரில் ஒரு குமாஸ்தா பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தமிழ்ப் பெயர்களை உடைத்து உடைத்துக் கூப்பிட்டான். மூன்று இதயம் என்று இவர் சொல்லி முடிக்கிற இடத்தில், "செல்வி, பத்னி ஸ்வர்கீய முருகேசன்," என்று வந்தது. இறந்துபோன முருகேசனின் மனைவி செல்வி. மறுபடியும் "செல்வி". யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு அடுத்த பெயர். தெரிந்திருந்தால் அவள் அங்கே நின்று பதில் சொல்லியிருப்பாள் என்று காட்டலாம் என்பது என் கணக்கு. குழந்தையைக் குளிப்பாட்டிய அவள் பக்கத்திலேயே போன் பேசிக்கொண்டிருந்தது, குழந்தையின் கத்தலில் அது மட்டும் கேட்கவில்லை. அவள் பெயர் அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே கூப்பிடப்பட்டது.

விசாரணைக்கு அவர் இஸ்திரி போட்ட வெள்ளை உடையில் வந்தார். பஸ்ஸில் அக்காவின் பக்கத்தில் நின்று, அதாலத் என்றால் கோர்ட், அது அரபிச் சொல் என்றார். அக்கா தலையாட்டினாள். அவளுடைய பிளாஸ்டிக் பை மார்போடு இருந்தது.

அதிகாரி நல்லவர் மாதிரிதான் தெரிந்தார். அக்கா தன் இந்தியில் எல்லாம் சொன்னாள். குழந்தை, மோதி பாக், தங்கி வேலை. நான் துளி அண்ணனைக் காட்டி, செய்தியை அழித்தவர் இவர், இவரே சொல்வார் என்றேன். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள், இந்த அம்மாவுக்குத் தெரியாதா என்று இந்தியில் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த ஒருவர் துளி அண்ணனைக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் தோள் நிமிர்ந்தது. விரல் மேலே போனது.

"சப்கோ பதா தா, சார்," என்றார். எல்லாருக்கும் தெரியும்.

அதோடு நிறுத்தவில்லை. குழுவுக்குத் தான்தான் அட்மின் என்றும், கேம்ப் முழுக்க அதில் இருக்கிறது என்றும், தினமும் ஜனங்களுக்கு அறிவு கொடுப்பதாகவும் சொன்னார். அதிகாரி மிகவும் நல்லது என்றார். நான் அவசர அவசரமாகப் போனை நீட்டி அந்தத் துளியைப் போட்டுக் காட்டினேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆக்டோபஸ் அவர் காதில் விழவில்லை, பின்னால் இருந்த இந்திதான் விழுந்தது. "நாம் தோ புகாரா கயா ஹை," என்றார். பெயரைக் கூப்பிட்டுத்தான் இருக்கிறார்கள். அடுத்த ஆளை வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் துளி அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல ஆபீசர். பொறுமையாக் கேட்டாரு," என்றார்.

நான் அவர் காலரைப் பிடித்துவிட்டேன். கஞ்சி நொறுங்குவது கையில் தெரிந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினாள். "வுடுடா. டியூட்டிக்கு நேரமாச்சு."

அந்தப் பொறுமை மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பாதி சமாதானம் ஆகியிருப்பேன்.

இயந்திரங்கள் வந்தன. காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் எங்கள் சந்து முடிந்தது. துளி அண்ணனுக்கு வடக்கு ஓரத்தில் ஃபிளாட் கிடைத்தது. தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்கிறார்கள். ஆனாலும் வீடு. அக்கா ஒன்றும் எடுத்துப்போக முடியாத அவசரத்தில் வாசல் கதவைக் கீலோடு கழற்றச் சொன்னாள். நான் கழற்றிக் கொடுத்தேன். இப்போது அவள் வேறொரு நாலா ஓரத்தில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறாள். அந்த அறைக்கு ஏற்கெனவே கதவு இருக்கிறது. பழைய கதவைச் செங்கல் மேல் போட்டுக் கட்டிலாகப் படுத்துக்கொள்கிறாள்.

நான் டெல்லியை விட்டு வந்துவிட்டேன். இப்போது இந்தூரில் ஒரு கிடங்கில் இருக்கிறேன். குழுவை விட்டு வெளியேறவில்லை. காலையில் வணக்கம் வருகிறது. காலி ஃபிளாட்டிலிருந்து பேசுவதால் அவர் குரலில் இப்போது எதிரொலி சேர்ந்திருக்கிறது. ஒட்டகம், சீனச் சுவர், தேனீ. கேம்ப்பில் இருந்தவர்கள் டெல்லியின் நாலு மூலைக்கும் சிதறிப் போனாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கைதட்டும் பொம்மை போடுகிறார்கள். அக்காவையும் வெளியே வா என்றேன். காலையில் ஒரு தமிழ்க் குரல் கேட்கிறதே, இருக்கட்டும் என்றாள்.

அந்தக் குழுவில் இருக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலம் அழிக்கப்பட்டது பூ இல்லை என்பது. அவர் அதைச் சொல்லவில்லை. அதனால் நான் போட ஆரம்பித்தேன். அவர் துளிக்கு முன்னால் எழுந்து, அவர் பேசுகிற மாதிரியே பேசி அனுப்புகிறேன். வணக்கம். இன்றைக்கு ஒரு துளி. சரிபார்ப்புச் செய்தியை அழித்தவர் நம் அட்மின். செல்வி அக்காவின் வீடு அதனால் போனது. தெரியுமா?

அடுத்த நிமிடமே அழித்துவிடுகிறார். மறுநாளும் போடுகிறேன், மறுநாளும் அழிக்கிறார். என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட அவரால் முடியும். ஏனோ நீக்கவில்லை. சாம்பல் வரி மட்டும் தினமும் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் யாரோ பூ போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். சாப்பிட்டாயா, எந்த வேலை, எவ்வளவு நாள் அங்கே என்றெல்லாம் கேட்டாள். பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"காலைல காலைல ஒரு சாம்பல் கோடு வருதே. நீதான?"

"ஆமாக்கா."

திட்டப்போகிறாள், விடுடா என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"போடு," என்றாள்.